ஆடுகள் மேய்ந்த எரிமலைகள்

1648 செப்டம்பர் 19. பிரான்சின் நடுமேட்டில் இருக்கும் கிளெர்மோன் நகரில், மினிம் துறவியர் மடத்துத் தோட்டத்தில் காலையிலேயே சிலர் கூடினார்கள். ஃப்ளோரான் பெரியே என்பவர் கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பிக் கவிழ்த்து, அது நிற்கும் உயரத்தைக் குறித்துக்கொண்டார். ஒரு குழாயை ஒரு துறவியின் பொறுப்பில் அங்கேயே விட்டுவிட்டு, இன்னொன்றைச் சுமந்துகொண்டு ஊருக்கு மேற்கே நிற்கும் புய் தெ டோம் மலையில் ஏறினார்கள். உச்சியில் பாதரசம் எட்டு சென்டிமீட்டருக்கும் மேல் இறங்கியிருந்தது. மடத்துக் குழாயிலோ நாள் முழுக்க அசைவே இல்லை. காற்றுக்கு எடை உண்டு, மேலே போகப் போக அந்த எடை குறைகிறது என்று உலகுக்குக் காட்டிய சோதனை இது. செய்யச் சொல்லி எழுதியவர் பெரியேயின் மைத்துனர் பிளேஸ் பஸ்கால். காற்றழுத்தத்தை அளக்கும் அலகுக்கு இன்று அவர் பெயர்தான்.

அன்று அவர்கள் ஏறி நின்றது ஓர் எரிமலையின் தலைமீது. அது பெரியேக்குத் தெரியாது. பஸ்காலுக்கும் தெரியாது. தலைக்கு மேலே இருந்த காற்றை எடைபோடத் தெரிந்த ஒரு நூற்றாண்டுக்குக் காலுக்குக் கீழே இருந்த கல்லைப் படிக்கத் தெரியவில்லை. அது தெரிய இன்னும் 103 ஆண்டுகள் ஆயின.

கண்ணில் படாத மூலையில் இருந்த மலைகள் அல்ல அவை. கி.மு. 52-ல் ஜூலியஸ் சீசர் இதே ஊருக்குப் பக்கத்தில் கெர்கோவியா கோட்டையை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினார். அந்தப் போரை அவரே விரிவாக எழுதிவைத்திருக்கிறார். பக்கத்து மலைகள் ஒருகாலத்தில் எரிந்தன என்று அந்த ஊர்க்காரர் யாராவது சொல்லியிருந்தால் அதைக் குறிக்காமல் விடுகிற ஆள் அல்ல சீசர். ஆனால் ஒரு சொல்லும் இல்லை. பின்னர் ரோமர்கள் புய் தெ டோம் உச்சியில் மெர்க்குரி தெய்வத்துக்குப் பெரிய கோயில் கட்டினார்கள். 1870-களில் அங்கே ஆய்வகம் கட்டத் தோண்டியபோதுதான் அதன் இடிபாடு வெளியே வந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் கிளெர்மோனின் ஆயராக இருந்த சிதோனியஸ் அப்போலினாரிஸ் தன் ஏரிக்கரை மாளிகையைப் பற்றி நண்பருக்கு எழுதிய நீண்ட கடிதம் இன்றும் கிடைக்கிறது. அந்த ஏரி இன்றைய அய்தா ஏரிதான் என்பது நெடுநாள் வழக்கு. குளியலறை, திண்ணை, படகு, மீன் என்று எல்லாவற்றையும் ரசித்து எழுதியவருக்கு, எரிகுழம்பு ஓடிவந்து ஓர் ஆற்றை மறித்ததால் பிறந்த ஏரி அது என்பது தோன்றவே இல்லை.

கடைசிக் கங்கு இங்கே குளிர்ந்து சுமார் 8,400 ஆண்டுகள் ஆகின்றன. பேரன், அவன் பேரன் என்று முந்நூறுக்கும் மேற்பட்ட தலைமுறைகள். நெருப்பை நேரில் பார்த்திருக்கக்கூடிய வேட்டையாடிகளின் மொழி என்னவென்றுகூட இன்று எவருக்கும் தெரியாது. வாய்வழிக் கதை அவ்வளவு தூரம் நடந்து வரவில்லை. நாம் எரிமலை என்கிறோம். எரிகிற மலை என்று வினையோடு சேர்த்தே பெயர் வைத்துவிட்டோம். எரிவது நின்ற பிறகு அந்த மலையை அடையாளம் காண அந்தப் பெயர் உதவாது. அப்போது வேண்டியது கல்லைப் படிக்கும் கண்.

படிக்க வேண்டிய ஏடு எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். கிளெர்மோனுக்கு மேற்கே, ஆயிரம் மீட்டர் உயரத்தில் ஒரு பழைய கிரானைட் பீடபூமி. அதன்மேல் வடக்கு தெற்காக முப்பது கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஒரே வரிசையில் ஏறத்தாழ எண்பது எரிமலைகள். ஊர்க்காரர்கள் ஒவ்வொன்றையும் ‘புய்’ என்கிறார்கள். மேடு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மொத்த வரிசைக்கும் ‘ஷென் தெ புய்’, அதாவது புய்களின் தொடர், என்று பெயர். பீடபூமியின் கிழக்கு ஓரம் சட்டென்று ஏழுநூறு மீட்டர் இறங்கி லிமாஞ் சமவெளியில் முடிகிறது. அந்தச் சரிவுதான் கதையின் முதல் எழுத்து. சுமார் மூன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவின் மேலோடு இழுபட்டு விரிந்தபோது இங்கே நிலம் பிளந்து ஒரு பக்கம் கீழே இறங்கியது. இறங்கிய பள்ளத்தை வண்டலும் சுண்ணாம்பும் நிரப்பின. மெலிந்த மேலோட்டின் அடியில் ஆழத்தில் பாறை உருகி, மெல்ல மேலே வரத் தொடங்கியது. நாம் பேசும் எண்பது எரிமலைகள் அந்த நெடுங்கதையின் கடைசிப் பக்கம் மட்டுமே. அவற்றில் மூத்தவை 95,000 ஆண்டு அளவிலும், இளையவை 8,400 ஆண்டு அளவிலும் பிறந்தவை.

இவற்றில் பெரும்பாலானவை கங்குக் கூம்புகள். கற்குழம்பு மேலே ஏறும்போது அதில் கரைந்திருந்த வாயு நுரைத்துக் கிளம்புகிறது, சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்குவதைப் போல. அந்த வேகத்தில் குழம்பு துண்டு துண்டாக வானத்தில் எறியப்படுகிறது. துண்டுகள் பறக்கும்போதே பாதி ஆறி, துளைத்துளையான கங்குகளாக வாயைச் சுற்றி விழுகின்றன. களத்தில் நெல்லைக் கொட்டினால் அம்பாரம் தன் சரிவைத் தானே கண்டுகொள்ளும். அதற்கு மேல் செங்குத்தாக நிற்காது, சரிந்துவிடும். கங்கும் அப்படித்தான். முப்பது பாகையைச் சற்றே தாண்டிய சாய்வில் நின்றுகொள்கிறது. எரிமலை என்றதும் ஆயிரம் ஆண்டுகள் உறுமிக்கொண்டிருக்கும் மலை நினைவுக்கு வரும். கங்குக் கூம்புக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. சில வாரம், சில மாதம், மிஞ்சிப்போனால் சில ஆண்டுகள் எரிந்து அடங்கிவிடும். அந்த வாய் மறுபடி திறப்பதில்லை. அடுத்த முறை குழம்பு வேறொரு வழியில் ஏறி வேறொரு புதிய மலையை எழுப்பும். அதனால்தான் ஒரே பெரிய மலைக்குப் பதில் இங்கே எண்பது சிறிய மலைகள்.

இப்படி ஒரு மலை பிறப்பதை மனிதர் முதலிலிருந்து கடைசிவரை உடனிருந்து பார்த்தது மெக்சிகோவில். 1943 பிப்ரவரி 20 அன்று தியோனிசியோ புலிதோ என்ற விவசாயியின் சோளக்கொல்லையில் நிலம் வெடித்துப் புகைந்தது. ஓராண்டில் அங்கே முந்நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்த கூம்பு நின்றது. 1952-ல் அடங்கியபோது 424 மீட்டர். பரிகூத்தின் என்ற அந்த மலையைப் பார்த்த பிறகு, கிளெர்மோன் இருக்கும் ஓவெர்ன் வட்டாரத்து மலைகள் ஒவ்வொன்றின் வாழ்நாளும் எவ்வளவு குறுகியது என்பது இன்னும் தெளிவாக விளங்கிற்று.

புய் தெ பரியூவில் கிட்டத்தட்ட நூறு மீட்டர் ஆழமுள்ள ஒரு கிண்ணம், குயவர் சக்கரத்திலிருந்து எடுத்ததுபோல் வட்டமாக இருக்கிறது. புய் தெ கோமில் ஒரு கிண்ணத்துக்குள் இன்னொரு கிண்ணம். தெற்கே லசோலாஸ், லா வாஷ் என்ற இரட்டைக் கூம்புகள் ஒருபக்கச் சுவர் இடிந்து செம்மண் நிறத்தில் வாய் பிளந்து நிற்கின்றன. கூம்பின் அடியிலிருந்து எரிகுழம்பு கிளம்பியபோது, மேலே தளர்ந்து கிடந்த கங்குச் சுவரையும் முதுகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அந்தக் குழம்பு சுமார் பதினைந்து கிலோமீட்டர் பள்ளத்தாக்கில் இறங்கிச் சென்றது. போகும் வழியில் மறித்ததுதான் சிதோனியசின் ஏரி. கங்கின் சிவப்பு, சூடான ஆவி பட்டு அதிலுள்ள இரும்பு துருப்பிடித்த நிறம். எல்லா மலையும் இந்த வகை அல்ல. புய் தெ டோம் கெட்டியான வேறொரு குழம்பு. ஓட மாட்டாமல் வாயிலேயே பிதுங்கி உறைந்த குவிமாடம். பஸ்காலின் பாதரசம் ஏறியது இதன்மேல்தான்.

ஒட்டாமல் உதிரியாகக் கிடக்கும் இந்தக் கங்குக் குவியல் பத்தாயிரம் ஆண்டு மழைக்கும் பனிக்கும் எப்படிக் கரையாமல் நிற்கிறது? அதன் தளர்ச்சியே அதற்குக் காவல். விழுகிற மழை ஓடினால்தானே மண்ணை அரிக்கும்? கங்கில் விழும் நீர் ஓடுவதில்லை, உள்ளே இறங்கிவிடுகிறது. இந்த மலைத்தொடரில் ஓடைகளைத் தேடினால் கிடைக்காது. நீரெல்லாம் நிலத்தடியில், பழைய பள்ளத்தாக்குகளைப் புதைத்துக் கிடக்கும் எரிகுழம்பின் அடியில் நடந்து, குழம்பு முடியும் இடத்தில் ஊற்றாக வெளிவருகிறது. ஊர்களும் அங்கேதான் எழுந்தன. வோல்விக் அப்படி ஓர் ஊர். அதன் தண்ணீர் இன்று பாட்டிலில் உலகெங்கும் போகிறது. அதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஊர் அனுப்பிக்கொண்டிருந்தது கல்லை. வெட்டவும் செதுக்கவும் இணங்குகிற, கருஞ்சாம்பல் நிறக் கல். 1248-ல் தொடங்கிய கிளெர்மோன் பேராலயம் முழுக்க அந்தக் கல்லில் கட்டியது. கோபுரமே கரி பூசியதுபோல் தெரியும்.

மறந்துபோன நெருப்பைக் காட்டிக்கொடுத்ததும் அந்தக் கல்தான். 1751-ல் தாவரவியலாளர் ழான்-எத்தியேன் கெத்தார், நண்பர் மல்ஷெர்புடன் பயணம் போனார். மூலான் என்ற ஊரில் சாலையோர மைல்கல் ஒன்றின் கருப்பும் துளையும் அவர் கண்ணை இழுத்தன. வெசுவியஸ் எரிமலையின் கற்களைச் சேகரிப்புகளில் பார்த்துப் பழகியவர் அவர். இந்தக் கல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். வோல்விக் என்றார்கள். நெருப்புத் தெய்வம் வல்கனின் பெயர் அந்த ஊர்ப்பெயரிலேயே அவர் காதில் ஒலித்தது என்று கதை உண்டு. வழியெல்லாம் வீடுகளும் நீர்த்தொட்டிகளும் அதே கல்லாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே வோல்விக் போனார், கல் வெட்டும் குழிக்குள் இறங்கினார், கூம்புகளில் ஏறினார். 1752 மே மாதம் பாரிஸ் அறிவியல் கழகத்தில், பிரான்சின் சில மலைகள் எரிமலைகளாக இருந்தவை என்ற கட்டுரையை வாசித்தார். வெட்டிச் சுமந்து கோயிலும் வீடும் கட்டி, நூற்றாண்டுகளாகக் கைப்பட்டுக் கிடந்த கல் அது. வெளியூரான் ஒருவன் நின்று கேட்ட ஒரு கேள்வி போதுமாயிருந்தது.

ஆனால் அதே கெத்தார், பசால்ட் என்ற கருநிறப் பாறையின் தூண்கள் நீரில் படிகமானவை என்றே நம்பினார். பாதி ஏட்டைப் படித்தவருக்கு மறுபாதி பிடிபடவில்லை. அதைப் படித்தவர் நிக்கோலா டெமரே. ஏழைக் குடும்பத்தில் பிறந்து தொழிற்சாலை ஆய்வாளராக இருந்தவர். ரொட்டியும் பாலாடைக் கட்டியும் மூட்டையில் கட்டிக்கொண்டு கால்நடையாகவே அலைந்தவர். 1763-ல் புய் தெ டோமுக்குப் போகும் வழியில் பசால்ட் தூண்களைக் கண்டு, அவை எரிகுழம்பின் ஓட்டத்தோடு தொடர்ந்து போவதை அடி அடியாகப் பின்பற்றினார். பிறகு அந்த வட்டாரத்துக்கே வரைபடம் செய்தார். அப்போது அவருக்கு இன்னொன்று தெரிந்தது. புதிய குழம்பு பள்ளத்தாக்குகளில் கிடக்கிறது. பழைய குழம்போ மலை உச்சிகளில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கிறது. குழம்பு மேலேறி ஓடுவதில்லை. அப்படியானால் உச்சியில் இருப்பதும் ஒருகாலத்தில் பள்ளத்தில்தான் ஓடியது. சுற்றியிருந்த மென்மையான மண்ணை ஆறுகள் அரித்துத் தின்றுவிட, கெட்டியான குழம்பு மட்டும் தங்கி மேடாகிவிட்டது. கெர்கோவியா கோட்டை மேடும் இப்படி நின்றதுதான். கிளெர்மோனுக்குத் தெற்கே செர் என்ற நீண்ட மேடு, முப்பது லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பள்ளத்தாக்கின் அடித்தளம்.

பள்ளம் மேடாகும் அளவுக்குக் காலம் கடந்திருக்கிறது. ஒரு பிரளயம் வந்து ஒரே நாளில் பள்ளத்தாக்குகளைத் தோண்டிவிட்டுப் போனது என்று ஐரோப்பா நம்பிக்கொண்டிருந்த நாளில் டெமரே வைத்த சான்று இது. ஜெர்மனியின் ஃப்ரைபெர்க்கில் வெர்னர் என்ற பேராசிரியர், பசால்ட் கடலடியில் படிந்த பாறை என்று ஒரு தலைமுறைக்கே கற்பித்துக்கொண்டிருந்தார். அவரோடு வாதிட டெமரே விரும்பவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் ஓவெர்னுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். வெர்னரின் மாணவர்களே வந்து பார்த்தார்கள். 1802-ல் லியோபோல்ட் ஃபோன் புக் வந்தார், அசைந்துபோனார். அவருக்குப் பின் வந்த தோபுய்சோன், தான் முன்பு எழுதியது தவறு என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். 1821-ல் இங்கிலாந்திலிருந்து ஜார்ஜ் ஸ்க்ரோப் வந்து, இந்தத் தொடரின் நீண்ட அகலக் காட்சிகளை வரைந்தார். 1827-ல் அவர் புத்தகம் வெளிவந்தது. அதைப் படித்துவிட்டு அடுத்த ஆண்டே புவியியலாளர்கள் சார்லஸ் லயலும் மர்ச்சிசனும், மர்ச்சிசனின் மனைவி ஷார்லட்டும் வந்தார்கள். கோம் மலையின் குழம்பு சியூல் ஆற்றை மறித்ததையும், ஆறு பொறுமையாக அதை அறுத்துப் புதுவழி கண்டதையும் லயல் பார்த்தார். உதிரிக் கங்கால் ஆன கூம்புகள் கலையாமல் நிற்கின்றன; உலகை மூடிய வெள்ளம் அண்மையில் இவற்றின்மேல் பாய்ந்திருந்தால் எப்படி நின்றிருக்கும்? 1830-ல் தொடங்கி வெளிவந்த லயலின் நூலின் முதல் பாகம் டார்வினின் கப்பலில் ஏறிற்று. உயிர்கள் மாற எவ்வளவு காலம் வேண்டுமோ அவ்வளவையும் டார்வினுக்கு அள்ளிக் கொடுத்த களஞ்சியங்களில் ஓவெர்ன் ஒன்று.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுவார்கள். எனக்கு இதற்குப் பிறகு வருவதுதான் முக்கியம். கெத்தாரும் டெமரேயும் ஸ்க்ரோப்பும் தூரத்திலிருந்தே கூம்பின் வடிவத்தைக் கண்டார்களே, எப்படி? ஸ்க்ரோப்பின் படங்களைப் பாருங்கள். மலைகள் மொட்டையாக நிற்கின்றன. புதரும் புல்லும் தவிர மறைப்பு ஒன்றுமில்லை. கிண்ணத்தின் விளிம்பு, இடிந்த சுவர், குழம்பின் நாக்கு எல்லாம் ஒரே பார்வையில். இன்று அதே இடத்தில் நின்றால் பெரும்பகுதி காடு. அடிவாரம் முழுக்க ஸ்ப்ரூஸ், பைன், பீச், பிர்ச், ஹேசல். பல கூம்புகளில் உச்சிவரை மரம். முதல்முறை போகிறவர் இதை ஆதிகாலக் காடு என்றுதான் நினைப்பார். அந்தக் காட்டின் பெரும்பகுதிக்கு நூறு, நூற்றைம்பது வயதுதான். மலைக்கு வயது பத்தாயிரம்; மலை எரிமலை என்ற அறிவுக்கு வயது இருநூற்றெழுபது சொச்சம்; காடு எல்லாவற்றிலும் இளையது.

மலைகளை மொட்டையாக வைத்திருந்தவை ஆடுகள். சரிவுகள் அந்தந்தக் குக்கிராமத்தின் பொதுநிலம். எல்லார் வீட்டு ஆடும் அங்கே மேயும். பகலில் மலையில் மேய்ந்த மந்தையை இரவில் விளைநிலத்தில் அடைப்பார்கள். நம் ஊரில் கிடை கட்டுவது என்போமே, அதேதான். மலையின் சத்து ஆட்டின் வயிறு வழியாக இறங்கி வயலுக்குப் போயிற்று. மரக்கன்று தலைதூக்க மந்தை விடாது. இப்படி எத்தனையோ நூற்றாண்டுகள் நடந்த ஒரு வாழ்க்கைமுறை, தனக்கே தெரியாமல், ஐரோப்பாவின் மிகத் தெளிவான எரிமலை ஏட்டைத் திறந்து பிடித்திருந்தது. புவியியல் வரலாறு கெத்தாருக்குச் சிலை வைக்கட்டும். இடையர்களுக்கு ஒரு வரியாவது தர வேண்டும் என்பது என் கட்சி.

பிறகு ஆடுகள் குறைந்தன. ஊரைவிட்டு நகரத்துக்கும் ஆலைக்கும் போனவர்கள் போனார்கள். ரசாயன உரம் வந்ததும் கிடைக்கு வேலையில்லாமல் போயிற்று. போர்கள் ஆண்களைத் தின்றன. 1946-ல் பிரெஞ்சு அரசு காடு வளர்க்கத் தனி நிதி ஏற்படுத்தியதும், நாடெங்கும் இப்படிக் கைவிட்டுப்போன மேய்ச்சல் நிலங்களில் வரிசை வரிசையாக ஊசியிலை மரங்கள் ஏறின. நடாத இடத்தில் ஹேசல் புதர் தானே வந்தது, அதன் நிழலில் பிர்ச்சும் பீச்சும் வந்தன. ஒரு மனித ஆயுளுக்குள் ஏடு மூடிக்கொண்டது.

காட்டைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ‘ஷெய்ர்’ என்று ஊரார் அழைக்கும் கரடுமுரடான குழம்புப் பரப்புகளில் ஆடும் சரியாக மேய முடியாது, ஏரும் போக முடியாது. அங்கே பாசியும் பிர்ச்சும் ஹேசலும் கல் இடுக்கில் வேர்விட்டு வளர்த்திருக்கும் காட்டை எவரும் தொடக்கூடாது. மலையின் பாதிப் பெருமை இன்று அந்த நிழலில்தான். ஆனால் ஒரே வயது, ஒரே இனம், வரிசை மாறாமல் நட்டு வளர்த்த ஊசியிலைத் தோப்பை இயற்கை என்று கும்பிடுவது சரியல்ல. அது ஒரு பயிர். எப்போது நட்டார்கள் என்று கணக்கு உண்டு. அதை அறுவடை செய்யும்போது திரும்ப நடுவதா, புல்லுக்கு விடுவதா என்பது மனிதர் எடுக்கும் முடிவு; அதற்கு இயற்கையின் பெயரைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தத் தொடரையும் லிமாஞ் பிளவையும் சேர்த்து உலக மரபுச் சின்னமாக்க பிரான்ஸ் கேட்டது. 2014-லும் 2016-லும் வேலை முடியவில்லை. 2018 ஜூலையில் பஹ்ரைனில் கூடிய கூட்டத்தில்தான் யுனெஸ்கோ ஒப்புக்கொண்டது. ஒரு கண்டம் பிளக்கத் தொடங்குவதை, பிளவு, வண்டல், எரிமலை, அரிப்பு என எல்லாப் படியும் கைக்கெட்டும் தூரத்தில் காட்டும் இடம் என்பது அதற்குச் சொன்ன காரணம். காட்டுவதற்காகப் பட்டியலில் சேர்த்த இடம், மறைந்து கிடந்தால் என்ன பயன்? அதனால் இப்போது சில சரிவுகளில் மரத்தைக் குறைத்து வடிவத்தை வெளிக்கொணர்கிறார்கள். ராவா என்ற உள்ளூர் ஆட்டினம் கூம்புகளில் மறுபடி மேய்கிறது. ரம்பத்தைவிட ஆடு நல்லது என்பேன். ரம்பம் ஒருநாள் வெட்டிவிட்டுப் போகும். ஆடு தினமும் வரும், அதன் பின்னால் ஓர் ஆள் வருவான், அந்த ஆளுக்கு ஊரில் ஒரு வீடு இருக்கும்.

காட்டை வெட்டாமலேயே ஊடுருவிப் பார்க்கும் வழியும் வந்துவிட்டது. 2011-ல் விமானத்திலிருந்து லேசர் கதிர்களைப் பாய்ச்சி மொத்தத் தொடரையும் அளந்தார்கள். இலைகளுக்கு இடையே நுழைந்து தரையைத் தொட்டுத் திரும்பிய கதிர்களை மட்டும் பிரித்தெடுத்தால், மரமில்லாத மலை திரையில் எழுகிறது. ஸ்க்ரோப் வரைந்த மொட்டை மலைகள் மீண்டும், விளிம்பு விளிம்பாக. அதில் ஒரு வியப்பும் கிடைத்தது. ஃபோன் புக் தன் காலத்தில், எரிமலைகள் கீழிருந்து நிலம் உப்பி எழுந்தவை என்று ஒரு கொள்கை வைத்திருந்தார். கொட்டிக் குவிந்ததே மலை என்று ஸ்க்ரோப்பும் லயலும் அதை அடியோடு தள்ளினார்கள். கூம்புகளைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னதே சரி. ஆனால் லேசர் படத்தில் பெட்டி புய் தெ டோம், புய் தெ கூத் ஆகிய இடங்களில் நிலம் உண்மையாகவே உப்பியிருப்பது தெரிந்தது. வெளியே வர முடியாத குழம்பு அடியில் தேங்கி மேல்நிலத்தைத் தூக்கியிருக்கிறது. தோற்றுப்போன ஒரு கருத்துக்கு ஒன்றே முக்கால் நூற்றாண்டு கழித்து ஒரு மூலையில் இடம் கிடைத்தது. டெமரே இருந்திருந்தால் இதையும் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருப்பார்.

கல்லுக்குள் இன்னொரு எழுத்தும் இருந்தது. குழம்பு உறையும்போது அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் அன்றைய வடக்குத் திசையைக் குறித்துக்கொள்கின்றன. புய் தெ டோம் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த பெர்னார் ப்ரூன், தெற்கே கான்தால் பகுதியில் பழைய குழம்பின் அடியில் வெந்துபோன களிமண்ணை அளந்து, அதன் காந்தத் திசை தலைகீழாக இருப்பதை 1906-ல் அறிவித்தார். பூமியின் வடக்கும் தெற்கும் இடம் மாறிய காலம் உண்டு என்பது அவர் முடிவு. நம்பியவர்கள் குறைவு; 1910-ல் அவர் இறந்துவிட்டார். இன்று நாம் வாழும் காந்த யுகத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 1967-ல் இதே தொடரில் லாஷான் என்ற ஊருக்குப் பக்கத்துக் குழம்பில், சுமார் 41,000 ஆண்டுகளுக்கு முன் பூமியின் காந்தம் சில நூறு ஆண்டுகள் புரண்டு மீண்ட தடயம் கிடைத்தது. உலகெங்கும், கடலடி மண்ணிலும் துருவப் பனியிலும், அந்த நிகழ்வை லாஷான் என்றே அழைக்கிறார்கள். ஒரு குக்கிராமத்தின் பெயர்.

இனி எரியுமா என்று எல்லாரும் கேட்பார்கள். பரியூவோ கோமோ லா வாஷோ மறுபடி எரியாது. ஆனால் தனி மலைக்குத்தான் சாவு, தொடருக்கு அல்ல. பத்தாயிரம் ஆண்டுகள் என்பது இப்படிப்பட்ட எரிமலைக் களத்துக்கு ஒரு சிறு இடைவெளிதான். அடுத்த வாய் எங்கே திறந்தாலும் அது இன்று மேய்ச்சல் நிலமாகவோ தோப்பாகவோ சாலையாகவோ இருக்கும் இடமாக இருக்கும். புலிதோவின் சோளக்கொல்லையைப் போல.

இந்தக் கட்டுரையில் இதுவரை வராத ஒரு மனிதர் பாக்கி. மோன்லோசியே பிரபு, கிளெர்மோனில் 1755-ல் பிறந்தவர். புரட்சிக்குச் சற்று முன் ஓவெர்ன் எரிமலைகளைப் பற்றி நூல் எழுதினார். புரட்சியின்போது பாராளுமன்றத்தில் இருந்தார், நாடு விட்டு ஓடினார், திரும்பினார். முதுமையில் லா வாஷ் மலையடிவாரத்தில், ரான்டான் என்ற இடத்தில், கங்கு மண்ணில் பயிரும் மரமும் வளர்த்துப் பார்த்தார். மொட்டை மலைகளின் நடுவே மரம் நட்ட முதல் ஆட்களில் ஒருவர். 1838-ல் இறந்தபோது, யேசு சபையாருக்கு எதிராக எழுதியதைத் திரும்பப் பெறவில்லை என்று ஆயர் அவருக்குக் கிறித்தவ அடக்கத்தை மறுத்துவிட்டார். தன் நிலத்திலேயே, எரிமலைகளின் அடியில் புதைக்கப்பட்டார். அவருடைய மாளிகையில் இப்போது ஓவெர்ன் எரிமலைகள் பூங்காவின் அலுவலகம் இயங்குகிறது. எந்தச் சரிவில் மரம் நிற்கட்டும், எந்தச் சரிவுக்கு ஆடு வரட்டும் என்ற பேச்செல்லாம் அந்த வீட்டில்தான் நடக்கிறது.